குழந்தைக்காக நீதிமன்றத்தில் நிற்பவர்: அமெரிக்காவில் சி.ஏ.எஸ்.ஏ. தன்னார்வலராகப் பணியாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் ‘அட்வகேட்’ என்று சொன்னால் கறுப்பு கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும்தான் கண்முன் வரும். அதனால்தான் ‘கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட்’, சுருக்கமாக சி.ஏ.எஸ்.ஏ., என்ற பெயரைக் கேட்கும் தமிழர்களில் பலர், அது சட்டம் படித்தவர்களுக்கான வேலை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. வாதாடும் வேலையும் இதில் இல்லை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, ‘ஃபாஸ்டர் கேர்’ எனப்படும் அரசுக் காப்பில் வைக்கப்பட்டுள்ள ஒரு குழந்தையை நேரில் சென்று பார்த்து, அதன் வாழ்வோடு தொடர்புடைய எல்லோரிடமும் பேசி, அந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுப்பவரே சி.ஏ.எஸ்.ஏ. தன்னார்வலர். தமிழில் பரிந்துரையாளர் என்று சொல்லலாம். பரிந்து பேசுவது, பரிந்துரைப்பது என்ற இரண்டு வேலையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

இந்த ஏற்பாடு வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தது. கிங் கவுண்டி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டேவிட் சூக்கப், குழந்தைகளின் வாழ்க்கையைத் திருப்பிப் போடும் தீர்ப்புகளைப் போதிய தகவல் இல்லாமலேயே எழுத வேண்டியிருக்கிறதே என்ற உறுத்தலில், பயிற்சி பெற்ற பொதுமக்களைக் குழந்தையின் சார்பில் விசாரிக்க அனுப்பினால் என்ன என்று 1976-இல் யோசித்தார். 1977-இல் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 110 தன்னார்வலர்கள் 498 குழந்தைகளுக்காகப் பணியாற்றினார்கள். 1982-இல் தேசிய அமைப்பு உருவானது. குழந்தை வதை தொடர்பான வழக்குகளில் குழந்தைக்கென்று ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்தப் பிரதிநிதி வழக்கறிஞராகவோ பயிற்சி பெற்ற சி.ஏ.எஸ்.ஏ. தன்னார்வலராகவோ இருக்கலாம் என்பதை 1996-இல் வந்த திருத்தம் தெளிவாக்கியது. 2023 செப்டம்பர் இறுதிக் கணக்கின்படி அமெரிக்கா முழுவதும் ஃபாஸ்டர் கேரில் இருந்த குழந்தைகள் ஏறத்தாழ 3,43,000 பேர்.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்களில் இதே வேலையைச் செய்பவரை ‘கார்டியன் ஆட் லைட்டம்’ என்றுதான் அழைக்கிறார்கள். எல்லா மாநிலங்களையும் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை முழுமையாகச் சொல்வது பயன்படும் என்பதால், தமிழர்கள் பெருமளவில் குடியேறியுள்ள டெக்ஸஸ் மாநிலத்தை வைத்தே எழுதுகிறேன். நான் அறிந்த நீதிமன்றங்களும் அங்குதான் உள்ளன. நான் பார்த்த வழக்குகளைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல மாட்டேன். அவை இரகசியக் காப்புக்கு உட்பட்டவை. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் விளக்கத்துக்காகக் கற்பனை செய்தவை.

நீதிமன்றத்தில் யார் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு வழக்கில் குழந்தையைச் சுற்றிப் பல பெரியவர்கள் இருப்பார்கள். சி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் குழந்தைப் பாதுகாப்பு அரசுத் துறையின் கேஸ் ஒர்க்கர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரே நேரத்தில் பல குடும்பங்களின் வழக்குகள் இருக்கும். குழந்தைக்கென்று நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் உண்டு. அவருக்கு ‘ஆட்டர்னி ஆட் லைட்டம்’ என்று பெயர். தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி வழக்கறிஞர்கள் இருக்கக்கூடும். பொதுவாகச் சொன்னால், குழந்தையின் வழக்கறிஞர் குழந்தை என்ன விரும்புகிறது என்பதை வாதிடுகிறார். பரிந்துரையாளர் குழந்தைக்கு எது நலம் என்பதைச் சொல்கிறார். பதினொரு வயதுப் பையன் அம்மாவிடம் இன்றே போக வேண்டும் என்பான். அம்மாவின் வீட்டில் ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால், அவன் விருப்பத்தையும் அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டு, நம் பரிந்துரை ஏன் வேறாக இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். டெக்ஸஸ் குடும்பச் சட்டமும் இதையே சொல்கிறது: குழந்தையின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும், ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

சாட்சிகளைக் கேள்வி கேட்கும் உரிமை வழக்கறிஞர் அல்லாத பரிந்துரையாளருக்கு இல்லை. விசாரணைகளில் கலந்துகொள்ளலாம், ஆவணங்களைப் பார்க்கலாம், அறிக்கை கொடுக்கலாம், அழைத்தால் சாட்சிக் கூண்டில் ஏறலாம்.

விண்ணப்பிக்கும் முன்

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். மாதத்துக்கு 10 முதல் 15 மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். விசாரணை வரும் மாதங்களில் அது கூடும். வழக்கு முடியும்வரை இருப்பேன் என்ற உறுதியைக் கேட்பார்கள். அது ஓராண்டும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். வேலை மாற்றத்துக்காக அடுத்த கோடையில் வேறு மாநிலம் போகும் எண்ணம் இருந்தால் இப்போது தொடங்காதீர்கள். ஏற்கெனவே ஆசிரியர், பள்ளி, படுக்கை, சில வேளைகளில் உடன்பிறந்தவர்கள் என எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த குழந்தைக்கு, பாதியில் மறையும் இன்னொரு பெரியவர் தேவையில்லை.

விசாரணைகள் வேலை நாளில், பகலில்தான் நடக்கும். பள்ளியில் ஆசிரியரைச் சந்திப்பதும் பகலில்தான். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் மேலாளரிடம் முன்பே பேசிவைப்பது நல்லது. ஆண்டுக்கு நான்கைந்து அரை நாள் விடுப்பு என்றால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை.

எச்–4 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பின்னணிச் சரிபார்ப்பில் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் சரிபார்ப்பார்கள். அந்த எண் இல்லாதவர்கள் விண்ணப்பத்தை நிரப்பும் முன் உள்ளூர் அமைப்புக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குழந்தையைத் தத்தெடுக்கும் ஆசையோடு வருபவர்கள் தயவுசெய்து வேறு வாசலைத் தட்டுங்கள். அதற்கென்று தனி உரிமமும் தனிப் பயிற்சியும் இருக்கின்றன. பரிந்துரையாளராக வந்துவிட்டு அந்தக் குழந்தையையே வீட்டுக்கு அழைத்துக்கொள்ள விரும்பினால், அதுவரை நீங்கள் எழுதிய ஒவ்வொரு அறிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

விண்ணப்பமும் நேர்காணலும்

உங்கள் கவுண்டிக்கான அமைப்பைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கவுண்டியின் பெயரோடு சி.ஏ.எஸ்.ஏ. என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தேடினாலே கிடைத்துவிடும். அறிமுகக் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்ட பிறகு விண்ணப்பம், உறவினர் அல்லாதவர்களின் நற்சான்று, குற்றப் பதிவுச் சரிபார்ப்பு, பாலியல் குற்றவாளிகள் பட்டியல், குழந்தை வதைப் பதிவேடு என்று வரிசையாக நடக்கும்.

நேர்காணலில்தான் நம்மவர்கள் திகைத்துப் போகிறார்கள். தொழில் அனுபவத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், உங்களைச் சிறுவயதில் எப்படிக் கண்டித்து வளர்த்தார்கள், உங்கள் குடும்பத்தில் குடிப்பழக்கம் இருந்ததா, ஒரு பெற்றோர் தன் பிள்ளையை அடித்தார் என்று கேட்டால் உங்கள் மனத்தில் என்ன ஓடும் என்றெல்லாம் கேட்பார்கள். ‘அதெல்லாம் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை’ என்று மூடி மறைக்கும் பதில் இங்கே எடுபடாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அடியை இன்று எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தன் பிள்ளைப் பருவத்தை இன்னும் தாண்டி வராதவர், அடுத்தவர் பிள்ளையின் வழக்கில் தன் வழக்கையே நடத்தத் தொடங்கிவிடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அது நியாயமான அச்சம் என்றே நினைக்கிறேன்.

முப்பது மணி நேரப் பயிற்சி

தேசியத் தரவிதிகளின்படி வழக்கு எதுவும் கையில் தரப்படுவதற்கு முன் 30 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதன் பிறகு ஆண்டுதோறும் 12 மணி நேரம் தொடர் பயிற்சி. நீதிமன்றத்தில் ஒரு நாள் அமர்ந்து பார்வையிடவும் சொல்வார்கள். முடிவில் நீதிபதி முன் உறுதிமொழி.

பயிற்சியில் மூளை வளர்ச்சி, அதிர்ச்சியின் விளைவுகள், போதைப்பொருள் பழக்கம், குடும்ப வன்முறை, சட்ட நடைமுறை என்று பலவும் வரும். அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளுக்கு 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும் என்பதும், உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை உறுதிப்படுத்தியது என்பதும் அங்கே தெரியவரும். ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்டது வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிய பாடம். டெக்ஸஸ் சட்டத்தின்படி, பெற்றோரின் பண வசதியின்மையே முதன்மைக் காரணமாக இருந்தால், உதவி முன்வைக்கப்பட்டு அவர்கள் அதை மறுத்தாலன்றி, அது புறக்கணிப்பாகாது. படிப்பதற்கு எளிதான வரிதான். ஒரு படுக்கையறை வீட்டில் நான்கு பிள்ளைகள், குளிர்பதனப் பெட்டிக்குள் பாலும் ரொட்டியும் மட்டும், அம்மாவின் கழுத்தில் பச்சை குத்திய பெயர்கள் என்று பார்க்கும்போது நம் மனம் தானாகவே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. கணிதப் பயிற்சி வகுப்பும் பரதநாட்டிய அரங்கேற்றமும் உள்ள புறநகரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வேகமாக வரும். நீதிமன்றம் கேட்பது ‘இது நல்ல வீடா’ என்பதல்ல. ‘இது பாதுகாப்பான வீடா, போதுமான வீடா’ என்பதுதான் கேள்வி.

வழக்கைத் தேர்ந்தெடுப்பதும் நியமன ஆணையும்

உங்களுக்கென்று ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவர் இரண்டு மூன்று வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லி எதை ஏற்கிறீர்கள் என்று கேட்பார். முதல் வழக்குக்கு ஒரு குழந்தை அல்லது இரண்டு உடன்பிறந்தவர்கள் போதும். ஐந்து குழந்தைகள் ஐந்து ஊர்களில் இருக்கும் வழக்கைத் தொடக்கத்திலேயே ஏற்காதீர்கள். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். டெக்ஸஸில் குழந்தையை 200 மைலுக்கு அப்பால் உள்ள இல்லத்தில் வைப்பது அரிதான செய்தியல்ல.

குடும்பம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால் உடனே சொல்லிவிடுங்கள். தெற்காசியக் குடும்பத்தின் வழக்கு என்றால், மொழியும் பழக்கவழக்கமும் தெரிந்தவர் என்று உங்களை நாடக்கூடும். அது பயனுள்ளதுதான். ஆனால் அதே தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அந்தத் தந்தையைச் சந்திக்க நேருமானால், அந்த வழக்கு உங்களுக்கானதன்று.

நீதிபதி கையொப்பமிட்ட நியமன ஆணைதான் உங்கள் அதிகாரம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும்போது அதன் நகல் கையில் இருக்க வேண்டும். ஆணை கிடைத்ததும் கோப்பை ஒரே மூச்சில் படித்துவிட்டு, மேசைமீது ஒரு காலக்கோடு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸஸில் குழந்தை எடுக்கப்பட்ட 14 நாள்களுக்குள் இரு தரப்பு விசாரணை. குழந்தையைத் தற்காலிகமாகப் பராமரிக்கும் உரிமை துறைக்குத் தரப்பட்ட 60 நாள்களுக்குள் நிலை விசாரணை. அதே தேதியிலிருந்து 180 நாள்களுக்குள், குழந்தை இனி எங்கே நிலையாக வாழும் என்பதற்கான முதல் நிரந்தரத் தீர்வு விசாரணை. பிறகு 120 நாள்களுக்கு ஒருமுறை தொடர் விசாரணை. ஓராண்டு நிறைந்ததை அடுத்த முதல் திங்கட்கிழமைக்குள் இறுதி விசாரணை தொடங்கவில்லை என்றால் வழக்கே தள்ளுபடியாகிவிடும். அசாதாரணமான சூழலில் 180 நாள்கள் வரை நீட்டிப்புக் கிடைக்கலாம். இந்த நாள்கள் பெற்றோருக்கு ஓடும் கடிகாரம். போதை மீட்பு மையத்தில் இடம் கிடைக்கவே மூன்று மாதம் காத்திருக்கும் ஒரு தாய்க்கு 12 மாதம் என்பது எவ்வளவு குறைவு என்பதையும், அதே 12 மாதம் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதன் வாழ்நாளில் பாதி என்பதையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்பு

குழந்தையை மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். முதல் சந்திப்பில் ஃபாஸ்டர் பெற்றோரிடம் முன்பே நேரம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கும் தூக்க நேரத்துக்கும் இடையில் போங்கள். நான் கையில் எடுத்துப் போவது ஒரு சீட்டுக்கட்டும் ஒரு வரைதாள் புத்தகமும்தான். பொம்மை வாங்கிப் போனால் அடுத்த முறை உங்கள் முகத்துக்கு முன் உங்கள் கையைத்தான் குழந்தை பார்க்கும்.

நீங்கள் யார் என்பதைப் பொய்யில்லாமல் சொல்லுங்கள். ‘நான் நீதிபதிக்கு உன்னைப் பற்றிச் சொல்பவர். நீ எப்படி இருக்கிறாய், உனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு எழுதுவேன். முடிவெடுப்பது அவர்தான், நான் இல்லை’ என்ற அளவில் போதும். இரகசியம் காப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது அடிக்கிறார்கள் என்று குழந்தை சொன்னால், டெக்ஸஸில் அதைக் கேட்ட எவருமே உடனே அரசிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. நீங்களே அழைத்துச் சொல்ல வேண்டும். ‘சீக்கிரம் அம்மாவிடம் போய்விடுவாய்’ என்ற வாக்கும் வேண்டாம். ஆறுதலாகச் சொல்வதுதான், ஆனால் அது நடக்கவில்லை என்றால் அந்தக் குழந்தைக்குப் பொய் சொன்னவர்களின் பட்டியலில் நீங்களும் சேர்வீர்கள்.

நான்கு வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற முறையில் கேட்டறிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தனியாகப் பேசுங்கள். தனியாக என்றால் பூட்டிய அறை அல்ல. முற்றத்து ஊஞ்சல் போதும். நடந்த கொடுமையைப் பற்றி நீங்களாகத் தோண்டாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் தனியாக இருக்கிறார்கள். நாம் திரும்பத் திரும்பக் கேட்டால் சாட்சியம் கெடும், குழந்தையும் மீண்டும் நோகும். எங்கே தூங்குகிறாய், இரவில் பயந்தால் யாரிடம் போவாய், பள்ளியில் பக்கத்தில் யார் உட்கார்வார்கள், தங்கையைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்ற எளிய கேள்விகளில் நமக்கு வேண்டியதெல்லாம் வந்துவிடும். பேசாத கைக்குழந்தையானால் பார்வைதான் விசாரணை: எடை ஏறுகிறதா, யார் தூக்கினால் அழுகை அடங்குகிறது, ஒலி கேட்டுத் திரும்புகிறதா.

வீட்டுக்கு வந்ததும் காரிலிருந்து இறங்கும் முன்பே குறிப்பு எழுதிவிடுங்கள். தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம்: பார்த்தது, கேட்டது, கருதுவது. பின்னால் நீதிமன்றத்தில் யாராவது துருவிக் கேட்கும்போது இந்த மூன்று பத்திகள்தான் கைகொடுக்கும்.

பெற்றோர், பள்ளி, மருத்துவர்

தாயையும் தந்தையையும் சந்திப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய தன்னார்வலர்கள் குழந்தையை மூன்று முறை பார்த்த பிறகும் தாயைப் பார்க்காமல் இருப்பார்கள், அச்சம்தான் காரணம். அந்தத் தாய்க்கு நாம் அவளுடைய பிள்ளையைப் பிரிக்க வந்த இன்னொரு அரசாங்கக் கை. முதல் சந்திப்பில் வசைச் சொல் கேட்கலாம். அதை எழுதிவைத்து அறிக்கையில் சேர்க்கும் அளவுக்கு அது முக்கியமானது இல்லை. அவருடைய வழக்கறிஞர் வழியாக நேரம் கேட்க வேண்டுமா என்பதை மேற்பார்வையாளரிடம் தெரிந்துகொண்டு, பொது இடத்தில் சந்தியுங்கள். பெற்றோர் செய்து முடிக்க வேண்டியவை என்று துறை வகுத்த சேவைத் திட்டத்தில் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள், பேருந்து வசதி உண்டா, வகுப்பு நேரமும் வேலை நேரமும் மோதுகின்றனவா, குழந்தையைப் பார்க்கும் வருகைக்கு வர முடிகிறதா என்று கேளுங்கள். ‘போதைப்பொருள் பரிசோதனைக்கு வரவில்லை’ என்று துறையின் தாளில் இருக்கும். பரிசோதனை மையம் 30 மைல் தள்ளி இருக்கிறது, அவரிடம் வண்டி இல்லை என்பது அந்தத் தாளில் இருக்காது. இப்படிப்பட்ட வரியைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நம் வேலையின் பெரும்பகுதி. தாத்தா, பாட்டி, சித்தி, பெரியப்பா முறையுள்ளவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். உறவினர் வீடு கிடைத்தால் குழந்தை அந்நியர் வீட்டில் வளர வேண்டியதில்லை.

பள்ளியைப் பொறுத்தவரை, வீடு மாறினாலும் குழந்தையின் நலனுக்கு எதிரானதாக இல்லாவிட்டால் அது பழைய பள்ளியிலேயே தொடர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டம் சொல்கிறது. மாற வேண்டியிருந்தால், ஆவணங்கள் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கக் கூடாது. இதை அறியாத பள்ளி எழுத்தர்கள் இருக்கிறார்கள். நயமாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளையானால் அதன் கூட்டத்தில் கலந்துகொள்ள அனுமதி கேளுங்கள்.

மருத்துவத்தில், டெக்ஸஸில் குழந்தை காப்புக்கு வந்த மூன்று வேலை நாள்களுக்குள் ஒரு மருத்துவப் பார்வை, 30 நாள்களுக்குள் முழு உடற்பரிசோதனை, மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அதே 30 நாள்களுக்குள் மனநிலை மற்றும் தேவைகளின் மதிப்பீடு என்று மூன்று உண்டு. மூன்றும் நடந்தனவா என்று பாருங்கள். மனநல மருந்து கொடுக்கிறார்கள் என்றால் எந்த மருந்து, எந்த அளவு, யார் ஒப்புதல் தந்தார், மருந்தோடு வேறு சிகிச்சையும் நடக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். மருந்து சரியா தவறா என்று சொல்வது நம் வேலையன்று. நீதிபதி கேள்வி கேட்பதற்கு வேண்டிய தகவலைக் கொடுப்பதே நம் வேலை.

பதினான்கு வயதைத் தாண்டியவர்களின் வழக்கு முற்றிலும் வேறு விதமானது. தன் வழக்குத் திட்டத்தை உருவாக்குவதில் அவர்களுக்கே பங்கு உண்டு. பதினெட்டு வயதில் வெளியேறும்போது பிறப்புச் சான்று, சமூகப் பாதுகாப்பு அட்டை, மருத்துவ ஆவணங்கள், அடையாள அட்டை எல்லாம் கையில் தரப்பட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளில் தகுதியுள்ள ஃபாஸ்டர் இளைஞர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு உண்டு. அவர்களுக்கே இது தெரியாமல் போவதுண்டு. பதினாறு வயதிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிக்கை எழுதுவது

இத்தனை நாள் நடந்ததும் கேட்டதும் நீதிபதியைச் சென்றடைவது அறிக்கை வழியாகத்தான். மூன்று நான்கு பக்கம் இருக்கும். துறை தன் அறிக்கையை நிரந்தரத் தீர்வு விசாரணைக்கு 10 நாள்களுக்கு முன் தாக்கல் செய்ய வேண்டும். நம்முடையதும் அதே வாக்கில் தயாராக இருப்பது நல்லது. மேற்பார்வையாளர் படித்துத் திருத்த ஒரு வாரம் விடுங்கள்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றாலும் சிக்கல் மொழியில் இல்லை. முதல் வரைவில் எல்லோரும் செய்யும் தவறை ஒரு எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ‘தாய் குழந்தையிடம் அக்கறை இல்லாமல் இருக்கிறார்’ என்று ஒருவர் எழுதுகிறார். அது கருத்து. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். அதையே, ‘மார்ச் மாதம் ஒதுக்கப்பட்ட நான்கு வருகைகளில் தாய் இரண்டுக்கு வந்தார். நான் நேரில் இருந்த ஒரு மணி நேர வருகையில் அவர் 20 நிமிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்; பிறகு குழந்தைக்குச் சோறூட்டினார், அது அவர் மடியில் உறங்கியது’ என்று எழுதினால், நீதிபதி தாமே முடிவுக்கு வருவார். இரண்டாவது வாக்கியத்தின் பிற்பகுதியை விட்டுவிடத் தோன்றும், ஏனென்றால் அது நம் பரிந்துரைக்கு வலுச் சேர்க்காது. விட்டுவிடாதீர்கள். நம் முடிவுக்கு எதிராக நிற்கும் உண்மையையும் எழுதுகிறவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அடுத்த அறிக்கையை நீதிபதி நம்பிப் படிப்பார்.

அடுத்தவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள்: யார், எந்தத் தேதியில், நேரிலா தொலைபேசியிலா. நோயின் பெயரை நாமே சூட்டக் கூடாது. ‘மன அழுத்தம் உள்ளது’ என்பதற்குப் பதில் ‘மூன்று வாரமாக இரவில் இரண்டு முறை எழுந்து அழுவதாக ஃபாஸ்டர் தாய் சொன்னார்’ என்று எழுதினால் போதும்.

பரிந்துரைகள் நீதிபதி ஆணையாக எழுதக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். ‘உடன்பிறந்தவர்கள் உறவு பேணப்பட வேண்டும்’ என்பதை எவரும் மறுக்கப் போவதில்லை, எவரும் செய்யப் போவதும் இல்லை. ‘அண்ணனும் தங்கையும் மாதம் இருமுறை நேரிலும் வாரம் ஒருமுறை காணொளியிலும் சந்திக்க, துறை 14 நாள்களுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்றால் அடுத்த விசாரணையில் நடந்ததா இல்லையா என்று கேட்க முடியும்.

குழந்தையின் நலம் என்பதை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விக்கு டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் 1976-இல் ஹாலி எதிர் ஆடம்ஸ் வழக்கில் சில கூறுகளைச் சொன்னது: குழந்தையின் விருப்பம், இன்றும் நாளையும் அதன் உடல், மனத் தேவைகள், ஆபத்து, காப்பு கோருபவரின் திறன், அவருக்குக் கிடைக்கும் உதவிகள், அவரது திட்டம், வீட்டின் நிலைப்பு, பெற்றோர் செய்ததும் செய்யத் தவறியதும், அதற்கு அவர் சொல்லும் காரணம். அந்தக் கடைசிக் கூறு எனக்குப் பிடித்தது. தவறிய பெற்றோருக்கும் ஒரு காரணம் இருக்கலாம், அதையும் கேட்க வேண்டும் என்று நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. அறிக்கையை முடிக்கும் முன் இந்தக் கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதைப் பற்றி நம்மிடம் ஒரு தகவலும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்து வேலை அதுதான்.

நீதிமன்ற நாள்

அரை மணி முன்னதாகப் போங்கள். நடைக்கூடத்தில்தான் பாதி வழக்கு நடக்கும். வழக்கறிஞர்கள் அங்கேயே பேசி உடன்பாட்டுக்கு வருவார்கள், உங்களிடமும் கருத்துக் கேட்பார்கள். எளிய, ஒழுங்கான உடை. நீதிபதி கேட்டால் எழுந்து நின்று, ‘யுவர் ஆனர்’ என்று தொடங்கி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழப்பு இல்லை. சில விசாரணைகள் காணொளியிலும் நடக்கும். அப்போது சமையலறையில் குக்கர் விசில் கேட்காத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

பெற்றோர் உரிமையை முடிவுக்குக் கொண்டுவரும் விசாரணை மற்றவற்றைப் போன்றதன்று. தெளிவான, நம்பத்தக்க சான்று இல்லாமல் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இல் சான்டாஸ்கி எதிர் கிரேமர் வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்ஸஸில் இதற்கு நடுவர் குழுவையும் கேட்கலாம். நீங்கள் சாட்சியாக அழைக்கப்பட்டால், பன்னிரண்டு அந்நியர் முன் உங்கள் குறிப்புகளிலிருந்து பேச வேண்டியிருக்கும். அந்த நாளில்தான் தேதியும் நேரமும் போட்டு எழுதியதன் அருமை தெரியும்.

எல்லைகள்

குழந்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. பெற்றோருக்கோ ஃபாஸ்டர் பெற்றோருக்கோ பணம் தரக் கூடாது. விலை உயர்ந்த பரிசு கூடாது. காரில் ஏற்றிச் செல்வதற்கு உங்கள் அமைப்பின் விதி என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் சுட்ட முறுக்கைக் கொண்டுபோவதில்கூட ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்காமல் போகாதீர்கள். குழந்தையின் படத்தை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, பெயரை மறைத்துவிட்டேன் என்று சொல்லி முகநூலில் கதையாக எழுதுவது இரண்டுமே உங்களை நீக்கப் போதுமான காரணங்கள். வீட்டில் கணவனிடமோ மனைவியிடமோகூட விவரம் சொல்ல முடியாது. மனம் கனத்து வரும் நாளில் பேச மேற்பார்வையாளர் இருக்கிறார். அவருடைய பணியில் அதுவும் சேர்ந்தது.

வழக்கு முடியும்போது

குழந்தை பெற்றோரிடம் திரும்பலாம், உறவினரிடம் நிரந்தரமாகச் செல்லலாம், தத்துக் கொடுக்கப்படலாம், பதினெட்டைத் தாண்டித் தனியே போகலாம். பெற்றோரிடம் திரும்புவதுதான் தொடக்கத்தில் பெரும்பாலான வழக்குகளின் இலக்கு. ஃபாஸ்டர் வீட்டில் தனி அறையும் மிதிவண்டியும் இருந்த குழந்தை ஒரு பழைய டிரெய்லர் வீட்டுக்கு, மீண்டு வந்த தாயிடம் திரும்பும் நாளில் உங்கள் மனம் சஞ்சலப்படலாம். அப்போது உங்கள் பரிந்துரையை மாற்றத் தோன்றினால், மாற்றுவதற்கான சான்று முதல் பத்தியில், அதாவது பார்த்தது என்ற பத்தியில், இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிச் சந்திப்பை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு முன் ஒருமுறை, அந்த நாளில் ஒருமுறை. இனி வரமாட்டேன் என்பதையும், அதற்குக் குழந்தை செய்த எதுவும் காரணமில்லை என்பதையும் நேரடியாகச் சொல்லிவிட்டு, சீட்டுக்கட்டை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். பிறகு உங்களிடமுள்ள குறிப்புகள், நகல்கள், கைப்பேசியில் உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் அமைப்பின் விதிப்படி ஒப்படைத்து அழித்துவிட வேண்டும். மேற்பார்வையாளர் அடுத்த வாரமே புதிய வழக்கோடு அழைப்பார். இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.